கில்செனன் கடை ரொட்டி

உனா: மாவு மூட்டைய இறக்கி அரை மணி நேரமாச்சு. இன்னும் பேர் ஆராய்ச்சி முடியலையா?

மாலக்கி: அயர்லாந்து முழுக்கச் சலிச்சாலும் கில்செனன் வீடுங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ஒருத்தங்க ரொட்டிக்கடை, ஒருத்தன் மாவு வண்டி. கேக்காம எப்படி…

உனா: அர்த்தமாவது தெரியுமா?

மாலக்கி: புனித செனானோட அடியார் மகன். அதான் மூட்டை சுமக்கறேன்.

உனா: எங்க தாத்தா அந்தப் புனிதருக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏத்தினதில்ல.

மாலக்கி: தாத்தா எந்த ஊரு?

உனா: இதே மீத் பக்கம்தான்.

மாலக்கி: நாங்க கேவன். உங்க தாத்தாவோட தம்பி யாராவது கேவன் பக்கம்…

உனா: போன வியாழனும் இதையேதான் கேட்டீங்க. சொத்துல பங்கு வேணுமா?

மாலக்கி: சேச்சே… சும்மா.

பெக்: உனா, ரெண்டு ரொட்டி குடு. சின்னவனுக்குக் கக்குவான் இருமல்.

உனா: அய்யோ. டாக்டர்ட்ட காட்டினீங்களா அக்கா?

பெக்: மருந்து குடுத்திருக்கார். இருந்தாலும் மார்த்தா கெல்லி கையால ஒரு துண்டு ரொட்டி குடுத்தா மனசு ஆறும். அவதான் போய்ச் சேந்துட்டாளே.

மாலக்கி: கெல்லியாப் பொறந்து கெல்லிக்கே வாக்கப்பட்டவங்களா?

பெக்: ஆமா. கல்யாணத்துல குடும்பப் பேர் மாறாதவ கையால ரொட்டி குடுத்தாத்தானே கக்குவான் நிக்கும். வீட்ல இன்னும் மூணு இருக்கு, ஒவ்வொண்ணா இருமப் போகுது. உனக்கு எங்கடி கில்செனன் மாப்பிள்ளை கிடைக்கப் போறான்… இவர் யாரு?

உனா: மாவுக்காரர்.

பெக்: சரி, வரேன்.

மாலக்கி: பேரச் சொல்லலையே நீங்க.

உனா: சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிடும்.

மாலக்கி: வச்சா… என்ன?

உனா: என்ன சொன்னீங்க?

மாலக்கி: ஒரே பேரா இருக்கே, பங்காளி உறவான்னு மொதல்ல விசாரிடான்னு அம்மா சொன்னாங்க. உறவுன்னு ஆயிட்டா வண்டிய வேற பக்கம் மாத்திக்கலாம்னு… அதான் தாத்தா, தம்பின்னு…

உனா: அதுக்கு எங்க தாத்தாவத் தோண்டணுமா?

மாலக்கி: வேற யாரக் கேக்கறது?

உனா: உங்க ஊர் ஃபாதரக் கேக்கலாம், சர்ச் பதிவெல்லாம் அவர்ட்டதானே இருக்கு. நான் போன மாசமே சைக்கிள்ல போய்க் கேட்டுட்டு வந்துட்டேன், ஒட்டும் இல்ல உறவும் இல்லையாம். ஓடிப்போய் பெக் அக்காவக் கூப்பிடுங்க… மிச்ச மூணுக்கும் ஈஸ்டர் முடிஞ்சதும் என் கையாலயே ரொட்டி வாங்கிக்கட்டும்.