கேட்காதவர்களுக்கு ஒரு விலை

எங்கள் மருந்துக்கடையில் சில்லறை இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை, சார். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எல்லோரிடமும் கூடுதலாக வாங்கினேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. விலை கேட்பவர்களுக்குச் சரியான விலைதான். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான். கேட்காதவர்களுக்கு மட்டும் ஏற்றிச் சொல்வேன். விலை அச்சடித்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, மீதியைக் கவரில் போட்டுக் கொடுப்பேன். கடை வாடகையை யார் தலையிலாவது கட்டத்தானே வேண்டும்?

தையற்கார அக்கா கேட்காதவர். எதிர்ச் சந்தில் தனியாக இருந்தார்; மகள் வெளியூரில். இதயத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. "உங்க கடையில வாங்கினாத்தான் தம்பி எனக்குத் திருப்தி" என்பார். என் சட்டைக்குப் பொத்தான் தைத்தால் காசு வாங்க மாட்டார். அவர்மேல் எனக்கு உண்மையாகவே பாசம் உண்டு.

பிறகு அவர் வருவது தள்ளிப்போக ஆரம்பித்தது. ஒருநாள் பர்ஸைக் கவிழ்த்தபோது சில்லறையோடு பாதி மாத்திரை ஒன்றும் மேசையில் விழுந்தது. எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு?"

"இப்பல்லாம் பரவால்ல தம்பி. பாதியே போதும்னு தோணுது."

நான் மருந்து படித்தவன். பாதி போதாது என்று எனக்குத் தெரியும். கல்லாவில் இருந்த என் மனைவிக்கும் புரிந்துவிட்டது. அவர் படியிறங்கியதும், "கையில காசில்லாமதாங்க உடைச்சுப் போடுறாங்க. இனிமேலாவது சரியான விலைக்குக் கொடுங்க" என்றாள்.

"இப்ப குறைச்சா, இத்தனை வருஷம் வாங்கினது என்னன்னு கேக்க மாட்டாங்களா?"

சொல்லப்போனால், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவர் பாதிதான் வாங்குவார் என்றால் மற்ற பாதியை நான் எங்கே ஈடுகட்டுவது? கம்பெனியில் ஏற்றிவிட்டார்கள் என்றேன். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மழை பெய்த ஒரு காலையில் தையல் மிஷின்மேல் சாய்ந்தபடியே போய்விட்டார். மகள் வந்து சேரும்வரை ஆக வேண்டியதையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தவன் நான். அந்த வீட்டில், அத்தனை பேர் முன்னிலையில், என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தக் காசில் சாப்பிட்டவள், சார். பிடித்த கையில் கிடந்த வளையலும் அந்தக் காசில் வாங்கியதுதான். என் பக்கம் ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அக்கா செய்ததுதான் ஆறவில்லை. பாதி மாத்திரையில் அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தேதான் விலையை ஏற்றினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சரியான விலைக்குக் கொடுத்திருப்பேன். அவ்வளவு பழகியும், வாய்விட்டுக் கேட்கும் அளவுக்குக் கடைசிவரை அவருக்கு என்மேல் நம்பிக்கை வரவே இல்லை.