இணைச்சீருக்கு ஒருத்தி

ஹாரிகா: ...திரும்பிப் பாக்காதீங்க.

நிதீஷ்: யாரு?

ஹாரிகா: பாக்காதீங்கன்னா கழுத்து தானா திரும்புது! மூணு சீட்டுக்குப் பின்னாடி. மூஞ்சியச் சுத்தித் துப்பட்டா கட்டீருக்குதே, அந்தப் பொம்பள.

நிதீஷ்: வெயிலுக்குக் கட்டீருப்பாங்க. ஸ்கூட்டி ஓட்டறவங்க எல்லாம் அப்பிடித்தான்.

ஹாரிகா: பஸ்ஸுக்குள்ள என்ன வெயிலு? கிணத்துக்கடவுல ஏறுனதுல இருந்து நம்மளையேதான் பாத்துட்டு வருது.

நிதீஷ்: நீ அழகா இருக்கறீல்ல... பாத்துட்டுப் போகட்டும்.

ஹாரிகா: உதைபடுவீங்க. எங்க சித்தப்பா அனுப்புன ஆளா இருந்தா?

நிதீஷ்: உங்க சித்தப்பா பொம்பளையவா அனுப்புவாரு? மீசை வெச்ச நாலு பேரை அனுப்புவாரு. நாலு பேரும் ஒரே கலர் சட்டை போட்டுட்டு வருவாங்க.

ஹாரிகா: சிரிப்புக் காட்டாதீங்க. என்ற கையத் தொட்டுப் பாருங்க.

நிதீஷ்: குடு இங்க... ஐஸாட்டம் இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம்தான். உக்கடத்துல எறங்கி டவுன் பஸ்ஸு. காந்திபுரத்துல என்ற கூட்டாளி சசிதர் மைசூர் டிக்கெட்டோட நிப்பான். நாளைக்கு இன்னேரம் நீ என்ற பொண்டாட்டி.

ஹாரிகா: இன்னிக்கு?

நிதீஷ்: இன்னிக்கு... பக்கத்து சீட்டுப் பொண்ணு.

ஹாரிகா: டேய்!

நிதீஷ்: இப்பத்தான் கை கொஞ்சம் சூடாகுது.

ஹாரிகா: ...ஏனுங்க, உங்களுக்கு வருத்தமே இல்லீங்களா?

நிதீஷ்: எதுக்கு?

ஹாரிகா: யாருமே இல்லாத கல்யாணம்.

நிதீஷ்: கட்டறதுக்கு நானு. கட்டிக்கறதுக்கு நீயி. வேற யாரு வேணும்?

ஹாரிகா: பொய்யி. சன்னல் பக்கம் பாத்துட்டுச் சொல்றீங்க.

நிதீஷ்: ...இணைச்சீருனு ஒண்ணு இருக்குது. எங்கூட்டுக் கல்யாணத்துல அது முடிஞ்சாத்தான் தாலி. மாப்பிள்ளைக்கு அக்காவோ தங்கச்சியோ கூறைச்சேலையோட வந்து அவன் பக்கத்துல நிக்கோணும்.

ஹாரிகா: எங்கூட்டுல அப்பிடியொண்ணும் இல்லீங்களே. எதுக்கு அது?

நிதீஷ்: பொண்டாட்டி வந்த பொறகும் கூடப்பொறந்தவள மறக்க மாட்டேங்கறதுக்கு. புவனா அக்கா சின்ன வயசுலயே சொல்லும், "உன்ற இணைச்சீருக்கு நானு பட்டுல வருவேன், நீ என்னைய உட ஜோரா இருக்கக் கூடாது"னு.

ஹாரிகா: இப்பப் பேசறதே இல்லீங்களா?

நிதீஷ்: உன்ற பேரச் சொன்ன நாளோட சரி. "உன்ற மச்சான் மூஞ்சில நானு எப்பிடி முழிப்பேன்"னு கேட்டுச்சு. அப்புறம் போன் கூட...

ஹாரிகா: போன் அடிக்குது. யாருங்க? சசிதரா?

நிதீஷ்: அக்கா.

ஹாரிகா: எடுக்காதீங்க! ...இல்ல, எடுங்க. எடுக்காட்டிச் சந்தேகம் வரும். இந்தப் பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர் போடுங்க.

நிதீஷ்: சொல்லுங்க்கா.

புவனா: ஏண்டா, எங்கிருக்கற?

நிதீஷ்: அன்னூர்லீங்க்கா. மோட்டாருக்குச் சாமான் வாங்க வந்தேன்.

புவனா: அன்னூரா? சரி. அப்பிடியே நம்மளப் பெத்த ஐயனுக்கு மெசேஜ் போட்டுடறேன். ஐயனும் உன்ற மச்சானும் காரை எடுத்துட்டு உன்னையத்தான் தேடீட்டு இருக்கறாங்க.

நிதீஷ்: என்னைய எதுக்குங்க்கா...

புவனா: நடிக்காத. மோட்டார் சாமான் வாங்கப் போறவன் அம்மா கால்ல உழுவானா? போயிட்டு வாரேன்னு ஒருக்கா சொன்னாப் பத்தாதா? வாசல் தாண்டுனவன் திரும்பி வந்து திரும்பி வந்து சொல்லீருக்கற. அம்மா அழுதுட்டே எனக்குப் போன் பண்ணுச்சு.

ஹாரிகா: கால்ல உழுந்தீங்களா? ஓடிப்போறப்பவா?

நிதீஷ்: சொல்லாம எப்பிடி வாரது?

புவனா: யாரு கொரலு அது?

ஹாரிகா: நாந்தானுங்க்கா. ஹாரிகா.

புவனா: என்னைய அக்கானு கூப்புடாத.

ஹாரிகா: ...சரிங்க.

நிதீஷ்: அக்கா, அவள ஒண்ணும் சொல்லாதீங்க.

புவனா: அவ சாப்பிட்டாளா?

நிதீஷ்: என்னது?

புவனா: காது கேக்கலயா? காலைல ஏதாச்சும் சாப்பிட்டாளா?

நிதீஷ்: இல்லீங்க்கா.

புவனா: பட்டினியாக் கூட்டிட்டுப் போறான் பாரு, பெரிய மாப்பிள்ளை... சரி, கேளு. ஐயன் ஒரு வார்த்தை சொல்லீருக்கறாரு. நீ மட்டும் திரும்பி வந்தா ஒண்ணும் கேக்க மாட்டாராம். தோட்டம் உன்ற பேருக்குத்தான். அந்தப் பொண்ண அடுத்த ஸ்டாப்புல எறக்கி உட்டுப்போட்டு வா.

ஹாரிகா: நிதீஷ்... கைய உடுங்க. உங்களுக்குப் போகோணும்னா...

நிதீஷ்: சும்மா இரு. அக்கா, தோட்டத்த உங்க பையன் பேருக்கு எழுதச் சொல்லுங்க. எறங்குனா ரெண்டு பேரும்தான் எறங்குவோம்.

புவனா: நாளைக்கு ஐயனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அப்பவும் வர மாட்டியா?

நிதீஷ்: வருவேனுங்க்கா. இவளோட வருவேன். அக்கா... மூக்க உறிஞ்சறீங்க, அழுகறீங்களா?

புவனா: தூசி.

ஹாரிகா: நிதீஷ், அடுத்த ஸ்டாப்புல எறக்கி உடச் சொன்னாங்க...

நிதீஷ்: அதான் முடியாதுன்னுட்டேனே.

ஹாரிகா: அதில்ல! அன்னூர்ல இருக்கறோம்னுதானே சொன்னீங்க? பஸ்ஸுல போறோம்னு எப்பிடித் தெரியும்? இப்பக் கண்டக்டரு கத்துனாரே, ஈச்சனாரி எறங்குனு... அது போன்லயும் கேட்டுச்சு.

நிதீஷ்: இந்தப் பஸ்ஸுலயா?

ஹாரிகா: அந்தப் பொம்பள எந்திரிச்சுட்டா... கட்டப்பையைத் தூக்கிட்டு வாரா. காதுல போனு...

நிதீஷ்: என்ற பின்னால வா. கைய உடாத.

ஹாரிகா: துப்பட்டாவ அவுக்கறா...

நிதீஷ்: ...அக்கா?

புவனா: போன வெய்யிடா, எதுக்கால நின்னுட்டு இன்னும் என்ன ஹலோ? ஐயன் ஒரு வார்த்தையும் சொல்லல, நாந்தான் சொன்னேன். நீங்க இந்த வழியாத்தான் வருவீங்கன்னு கிணத்துக்கடவு ஸ்டாப்புல நின்னு ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாத்து ஏறுனேன். நீ இந்தப் பொண்ண எறக்கி உட்டிருந்தீன்னா, தனியா உடாம நானே கூட்டிட்டுப் போயி அவங்கூட்டுல சேத்தலாம்னு வந்தேன். எறக்கி உடலீன்னா... இந்தா, பையப் புடி, என்ற கூறைச்சேலைதான், புதுசு வாங்க நேரமில்ல. அவங்க எதிர்த்திசைல அன்னூரு போய்த் தேடி முடிக்கறதுக்குள்ள இந்த ஈச்சனாரிப் புள்ளையாருக்கு முன்னால இணைச்சீர முடிச்சுப்போடலாம், எறங்கு. ஏனம்மணி இப்பிடி முழிக்கற? அவனுக்குத்தான் நானு அக்கா, புருசனோட அக்காள நங்கையானு கூப்புடோணும்... எங்க, ஒருக்காக் கூப்புடு பாக்கலாம்.