அக்காவுக்குக் கொள்ளி

எனக்குத் தேநீருக்குச் சீனி வேண்டாம், பிள்ளை. அக்காவுக்குச் சலரோகம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சீனி வாங்குவதில்லை. நாக்கு பழகிவிட்டது.

உங்கள் பெயர் சிவமலர் என்று இந்தப் பொலிஸ்காரர் சொன்னார். நான் சொல்வதை அப்படியே அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். மருமகன் யசோதரனைக் குத்தியது நான்தான். அதை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்றைக்கு உங்களை வரச் சொன்னது அக்காவைப் பற்றிப் பேச.

எண்பத்து நான்கில் நான் லண்டனுக்கு வந்தபோது அப்டன் பார்க்கில் தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். கடையில் யாராவது வம்பு பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். போகப்போக, எதற்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆக்கினேன். மறுத்தவர்களின் கண்ணாடி உடைந்தது, ஆனால் ஆளில் கை வைத்ததில்லை. தில்லையம்பலத்தார் என்றால் ஒரு மரியாதை இருந்தது.

பிறகு வந்த பொடியன்கள் வேறு மாதிரி. அவர்களுக்கு வாள்தான் பேச்சு. அவர்களில் முதல் ஆள் அக்காவின் ஒரே மகன் யசோதரன். சின்னப் பொடியனாக இருக்கும்போதே அக்காவோடு சேர்த்து நான் இங்கே எடுப்பித்து, சாப்பாடு போட்டு வளர்த்தவன். தொடக்கத்திலிருந்து என்னோடு நின்ற சுப்பிரமணியனின் கையைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். அடுத்தது நான் என்று தெரு முழுக்கத் தெரியும்.

அதன் பிறகு, ஒரு கடைக்கு மேல் நானும் அக்காவும் இருந்த ப்ளாட்டை விட்டு நான் இறங்கவில்லை. திரையை விலக்கியதில்லை. அக்கா ஏதாவது கதைத்தால் கதையைக் கேட்கமாட்டேன், படியில் காலடி கேட்கிறதா என்றுதான் கேட்பேன். பயமாக இருந்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவனைத் தேடிப் பிடிக்கவும் ஏலவில்லை. இன்றைக்கு ஹவுன்ஸ்லோ என்பார்கள், நாளைக்குச் சட்டன் என்பார்கள். கோட்டுக்குள் கத்தி ஏறாத கவசச் சட்டை போட்டுக்கொண்டுதான் நித்திரையும் என்று கேள்வி. தாயோடு மட்டும் டெலிபோனில் பேசுவான். ஒருநாள் நான் எடுத்துவிட்டேன்.

"மாமா, உங்கட செத்தவீட்டுக்கு நான் வரமாட்டன்," என்றான். "அம்மாவுக்கு ஒண்டெண்டா, கொள்ளி வைக்க வருவன். அண்டைக்கு ஒருத்தரும் ஒருத்தரைத் தொடக்கூடாது. சரியோ?"

"ஓம்," என்றேன்.

டெலிபோனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கொள்ளி வைக்கிறவன் வெறும் மேலோடு வேட்டி கட்டித்தான் நிற்க வேண்டும். கோட்டும் இல்லை, கவசமும் இல்லை.

அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. இன்சுலின் ஊசி போடுவது என் வேலை. "நீ போட்டா நோகிறதேயில்லையடா தம்பி," என்பாள். கடைசிக் கிழமை முழுக்கத் தாகம், தாகம் என்றாள். கேட்ட நேரமெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்திலிருந்து வாய் துடைத்துவிட்டேன். நாள்பட்ட நோய்தானே என்று வைத்தியரும் ஒன்றும் கேட்கவில்லை.

யசோதரன் சொன்னபடி வந்தான். கூட்டாளிகளை மயானத்து வாசலிலேயே நிறுத்திவிட்டு, உடுப்பு மாற்றும் அறைக்குத் தனியாக வந்தான். கவசத்தைக் கழற்றிக் கதிரையில் மடித்து வைத்தான். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. வேட்டி அவன் இடுப்பில் நிற்கவில்லை. இந்த நாட்டில் வளர்ந்தவன், கட்டிப் பழக்கமில்லை.

"மாமா, ஒருக்கா இறுக்கிக் கட்டி விடுங்கோ," என்றான்.

கட்டிவிட்டேன். தாயின் முன்னால் அவிழ்ந்து விழுந்தால் அவனுக்குத்தானே அவமானம். அதனால் நன்றாக இறுக்கினேன். பிறகுதான் குத்தினேன்.

கவலை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவு இங்கே, பூட்டிய அறைக்குள், வெகு காலத்துக்குப் பிறகு அயர்ந்து தூங்கினேன்.

என்ன பிள்ளை, நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவை இவர்கள் இன்னும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வெட்டிப் பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். பாவம், அவளை அப்படிச் செய்ய வேண்டாம். தேட வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழமை ஊசிக்குள் மருந்து இருக்கவில்லை. வெறும் தண்ணீர்தான் ஏற்றினேன், அவள் போகும்வரை. இதை எழுதிக்கொண்டு உடலைத் தரச் சொல்லுங்கள்.

அவளுக்கு இப்போது பிள்ளையும் இல்லை. கைவிலங்கோடு என்றாலும் பரவாயில்லை, என்னை ஒருக்கா மயானத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். என்னை விட்டால் அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?