மேகசினில் மிஞ்சிய இரண்டு தோட்டாக்கள்

ஷார்ட் மேக்னம் தோட்டாவைப் பற்றி இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் பேசுவதில் பாதி அநியாயம். குட்டையாக, குண்டாக இருக்கும். கழுத்துக்குக் கீழே செங்குத்தான தோள். அதனால் தோட்டாவை ஏற்ற போல்ட் தண்டைத் தள்ளினால் குழலுக்குள் வழுக்கிப் போகாமல் வாயில் முட்டி நிற்கும் என்பார்கள். நிற்கும்தான். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டியின் விளிம்பை அளவாகத் தேய்த்து, தோட்டாவை மேலே தூக்கும் ஸ்பிரிங்கையும் சரிபார்த்துவிட்டால் நூற்றுக்கு நூறு ஏறும். ஆறு வருடமாக இந்த ஊரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மாரிட்டும் அப்படி முட்டி நிற்கும் துப்பாக்கி ஒன்றோடுதான் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தாள். முதல் தடவையே முழுதாகச் சரிசெய்திருக்க முடியும். கொஞ்சம் மிச்சம் வைத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தாள். அப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்தேன்.

மூன்றாவது முறை துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏங்க, நாலு வருஷம் காலேஜுல இன்ஜினியரிங் படிச்சது இந்த ஒரு ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டவா?" என்றாள்.

"இது கொஞ்சம் பிடிவாதமான துப்பாக்கிங்க."

"துப்பாக்கியா? சரி, சரி. சாயந்திரம் கடையச் சாத்திட்டு வாங்க, சாப்பிட்டுக்கிட்டே அதோட பிடிவாதத்தப் பேசுவோம்."

கல்யாணம் ஆனதும் அதை ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்தேன். அதன்பின் மூன்று வருடம் அவள் என் மேசைப் பக்கம் வரவேண்டிய தேவை இருக்கவில்லை. டுவைட் பெர்க்கின் வேட்டை முகாமில் வழிகாட்டியாக வேலை. செப்டம்பரில் மலை ஏறினால் நவம்பரில் இறங்குவாள். இந்த ஆகஸ்டில், பாத்திரம் கழுவிக்கொண்டே, அலாஸ்காவில் ஒரு முகாம் கூப்பிடுகிறது என்றாள். இந்த சீசன் நல்லபடியாக முடிந்தால் டுவைட் சிபாரிசுக் கடிதம் தருவாராம்.

"நான்?" என்றேன்.

"வரணும்னா வா, ஏமோஸ். கட்டாயம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பதிலில் எனக்குக் கோபமில்லை. துப்பாக்கி ஒருமுறை சறுக்கினால் போதும் என்று தோன்றியது. வாடிக்கையாளர் முன்னால், காயம்பட்ட எல்க் மான் ஒன்று தப்பி ஓடினால் டுவைட் கடிதம் தரமாட்டார். அவளும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள்.

சீசனுக்கு முன் சோதித்துத் தருகிறேன் என்று துப்பாக்கியை வாங்கி, மேகசின் ஸ்பிரிங்கின் மடிப்புகளைச் சிறிய தீச்சுவாலையில் காட்டினேன். நிறம் மாறும்வரைதான். பிறகு எண்ணெய் தடவி, அந்த நிறத்தையும் துடைத்தேன். சூடு பட்ட ஸ்பிரிங் தளர்ந்துபோகும். போல்ட்டை மெதுவாக இயக்கினால் தோட்டா நிதானமாக மேலே வந்து உள்ளே ஏறும். வேகமாக இழுத்துத் தள்ளினால், அது மேலே வருவதற்குள் போல்ட் அதன் தலைக்குமேல் தாண்டிப் போய் வெறும் குழலைப் பூட்டிவிடும். பூட்டிய சத்தத்தில் வித்தியாசமே தெரியாது.

இனி நடந்தது டுவைட் உங்களிடம் சொன்னதுதான். வாடிக்கையாளர் சுட்டுக் காயப்பட்ட எல்க்கை மாரிட் ஒரே குண்டில் முடித்தாள். நிதானமாக அடுத்ததை ஏற்றினாள், ஏறியது. டுவைட்டும் வாடிக்கையாளரும் குதிரைகளைக் கொண்டுவரப் போனார்கள். அவள் எல்க்கின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தபோது புதரிலிருந்து கிரிஸ்லி கரடி வந்தது. முதல் குண்டு அதன் தோளில் பட்டது. அதன்பின் இரண்டு முறை போல்ட்டை இயக்கிய சத்தமும், இரண்டு முறை வெறும் 'டிக்' சத்தமும் கேட்டதாக டுவைட் சொல்கிறார். அவர் ஓடி வந்து கரடியைச் சுட்டபோது தாமதமாகிவிட்டது.

மேகசினில் இரண்டு தோட்டாக்கள் அப்படியே இருக்கின்றனவே, எப்படி என்று கேட்டீர்கள், ஷெரீப். ஒரு வாரமாக யோசித்துவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி அது. நல்ல கேள்வி.

கரடியைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லையா என்பது இரண்டாவது. நினைத்தேன். இங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கரடிகள் சுட்ட மானின் குடல் கிடைக்கும் என்று தேடி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மடிப்பைச் சூடாக்கும்போதே நினைத்தேன். மாரிட் பதறாதவள், பதறாதவள் கை வேகமாக ஓடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீயை அணைக்கவில்லை.

அவள் கிளம்பிய காலையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் மூட்டைகளை ஏற்றிவிட்டுத் துப்பாக்கிக்காகக் கை நீட்டினாள்.

"சோதிச்சுட்டியா?"

"நூறு தடவ."

"வேகமா இழுத்தும் பாத்தியா? மலையில எனக்கு அதுதான் வேணும்."

"பாத்துட்டேன்."

டுவைட்டே கொடுக்கும் துப்பாக்கியைக்கூடத் தானே நாலு முறை இயக்கிப் பார்க்காமல் அவள் வாங்கமாட்டாள். அன்று பார்க்கவில்லை. அப்படியே உறையில் போட்டு ஜிப்பை மூடினாள்.

அவள் என்னை விட்டுப் போக இருந்தாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விட்டுப் போகிற பெண் புருஷனை அந்த அளவுக்கு நம்பமாட்டாள்.