பெட்டிக்குள் போன அம்மன்

வெளிநாட்டு நகரமொன்றில், அஜின்கோர்ட் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். இளையவர்தான் தொடங்கினார்.

“பெங்காலிகள் பூசை முடிய அம்மனைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டினம், அக்கா.”

“ஏன், ஆத்தில விடுறேல்லையோ?”

“இங்க ஆத்தில விடச் சட்டமில்லை. அடுத்த வருசமும் அதே சிலைதான். பக்கத்து வீட்டு பெங்காலி அன்ரி பூசை மலர்ப் புத்தகத்தில இதை ஏசி எழுதியிருக்கிறா, எனக்கு வாசிச்சும் காட்டினவ. அம்மன் தாய்வீட்டுக்கு வந்த மகளாம். அழுதழுது அனுப்பிவைக்கிறதுதான் பக்தியாம். பூட்டி வைக்கிறது வெறும் ஆசையாம்.”

“சரியாத்தானே எழுதியிருக்கிறா.”

“ஓம். ஆனா அவவின்ர மகள் செத்து மூண்டு வருசம். சாம்பல் இன்னும் அலுமாரியிலதான் இருக்கு.”

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“ஏன் கரைக்கேல்லை?”

“பனிக்காலம் போகட்டும் எண்டுறா. போன வருசமும் அப்பிடித்தான் சொன்னவ.”