குழந்தையை நான்தான் கொடுத்தேன்

கவிநிலா, வயது 25, க/பெ விமல்ராஜ், அடி அண்ணாமலை, திருவண்ணாமலை. பி.எஸ்சி. படித்துள்ளேன். என் கணவரும் அவர் அண்ணன் தருமனும் கிரிவலப் பாதையில் கடை வைத்துள்ளனர். எங்கள் மகள் எழிலுக்குப் பதினைந்து மாதம்.

சென்ற மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்ற பிறகு, கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்று நானே முடிவு செய்து, தண்ணீர் கலந்த பாலும் பிஸ்கட்டும் மட்டுமே கொடுத்து வந்தேன். கால்கள் உப்பியதைப் பார்த்து, தேறிவிட்டாள் என்று படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன்.

பௌர்ணமியன்று காலை பத்து மணியளவில் எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் சந்திரகலா வீட்டுக்கு வந்தார். குழந்தையின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. "இது சதை இல்லம்மா, நீரு. சத்து கம்மியாயி வீங்கிருக்கு. ஒடம்பு ஜில்லுனு கெடக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றார். கணவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அதன்பின் குழந்தையை என் கையாலேயே செவிலியரிடம் கொடுத்தேன்.

கூட்டத்தால் ஆட்டோ உள்ளே வராததால், வண்டி நிற்கும் இடம் வரை நடந்தோம். குழந்தைக்குச் சூடு வேண்டும் என்று செவிலியர் அவளை மார்போடு அணைத்து முந்தானையால் மூடிக்கொண்டு, இரண்டு முறை நின்று ஸ்பூனால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். பையைத் தூக்கி வந்த நான் பின்தங்கிவிட்டேன். அதன்பின் எங்கள் கடையருகே சத்தம் கேட்டு ஓடினேன். பிள்ளை பிடிக்கிறவள், மயக்க மருந்து கொடுக்கிறாள் என்று ஆட்கள் செவிலியரைச் சூழ்ந்திருந்தனர். ஒருவர் குழந்தையின் காலைப் பிடித்து இழுத்தார். செவிலியர் என்னைக் கண்டதும், இதோ தாய் வருகிறார், கேளுங்கள் என்றார்.

தருமன் கடையிலிருந்து இறங்கி வந்து, "ஏம்மா, எங்கள கேக்காம புள்ளைய யாரு தூக்கிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"தெரியல மாமா" என்றேன்.

அதன்பின் செவிலியரை அடித்தார்கள். முட்டிபோட்டு விழுந்தும் குழந்தையைக் கீழே விடவில்லை. பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்கள் வந்து மீட்டு மருத்துவமனைக்கு அனுப்பினர். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாகவும், வழியில் கொடுத்த அந்தத் தண்ணீர்தான் உயிரைப் பிடித்து வைத்ததாகவும் டாக்டர் என்னிடம் கூறினார்.

மாலையில் தருமன் எழுதி வந்த புகாரில், தாயின் சம்மதம் இல்லாமல் செவிலியர் குழந்தையைத் தூக்கிச் சென்றதாக இருந்தது. அதில் கையெழுத்திட்டேன். அதனால் இன்று செவிலியர் மீது வழக்கும் விசாரணையும் நடக்கிறது, வேலையும் போகலாம் என்கிறார்கள்.

இன்று நான்காம் நாள். வார்டில் இரண்டு மணிக்கொரு முறை அளந்து பால் கொடுக்கிறார்கள். வீக்கம் வற்றியதும் எழிலின் கால் என் விரல் பருமன்தான் இருக்கிறது.

புகாரில் உள்ளது பொய். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்லி என் கணவர் கூறினார். வாசித்துத்தான் போட்டேன்.

யாருடைய தூண்டுதலும் இன்றி என் கைப்பட எழுதிய இதையும் முழுவதும் வாசித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வி. கவிநிலா