பதினோராம் கட்டத்துக்கு இணைப்பு

உங்கள் நகராட்சிப் படிவத்தில் பதினோராம் கட்டம் மிகவும் சிறியது, ஐயா. 'விலங்கு எவராலும் துன்புறுத்தப்பட்டதா? ஆம் எனில் விவரம்' என்று கேட்டுவிட்டு, விவரம் எழுதத் தீப்பெட்டி அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வருடம் ஆவணப் பிரிவில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அடுத்த முறை அச்சடிக்கும்போது கவனியுங்கள். இப்போதைக்குத் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். எழுதி முடிக்கும்வரை நீங்கள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். மின்விசிறியை இரண்டில்தான் வைத்திருக்கிறேன். மூன்றில் வைத்தால் தாள் பறக்கும்.

முதலில் நாயைப் பற்றி. யாருக்கும் சொந்தமில்லாத தெரு நாய். தெருவில் அதற்கு மேனேஜர் என்று பெயர். காலை முழுவதும் தூங்கும், யார் வந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு டாண் என்று எழுந்துவிடும். என் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார், ஆகவே பெயரில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாரைப் பார்த்தாலும் வாலாட்டும். என்னைக் கண்டால் மட்டும் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அதையெல்லாம் நான் பொருட்படுத்துகிறவன் அல்ல. நான் ஓய்வு பெற்றதிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறது.

என் மனைவி தையற்காரி. இதோ இந்த முன்னறையில்தான் மெஷின். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரி. நாய் வாசற்படியில் படுத்திருக்கும், இவள் அதோடு பேசிக்கொண்டே தைப்பாள். எந்த வாடிக்கையாளர் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தார், யாருக்கு ஒரு தோள் இறக்கம் என்று சகலமும் அதற்குத் தெரியும். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இறங்கி வந்தால் பேச்சு நின்றுவிடும். "சாப்பாடு மேசையில இருக்கு" என்பாள். எனக்கு மேசையில், நாய்க்கு மட்டும் தட்டைக் கையில் எடுத்துப்போய் வைத்து, முதல் ரொட்டித்துண்டை ஊட்டியும் விடுவாள். வழக்குக்கு இது தொடர்பில்லாத விஷயம். தகவல் விடுபடக் கூடாதே என்று எழுதுகிறேன்.

என் நோக்கம் பொதுப் பாதுகாப்பு மட்டுமே. அந்த அடிப்படையில்தான் உங்கள் நாய் பிடிக்கும் பிரிவுக்கு மூன்று புகார்கள் கொடுத்தேன். மூன்றாவதற்கு வண்டி வந்தது. வந்த டிரைவர் நாயின் கழுத்தைப் பார்த்தார், எங்கள் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த கோட்டுத் துணியில் என் மனைவி ஒரு பட்டை தைத்து மாட்டியிருக்கிறாள். அதில் எங்கள் வீட்டு எண் வேறு.

"நாங்க என்ன சார் பண்றது? பட்டை இருந்தா எடுக்கக் கூடாதுன்னு சட்டம். உங்க நாயைப் பத்தி நீங்களே புகார் குடுத்திருக்கீங்க" என்றார்.

தெருவே சிரித்தது. என் மனைவி குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். அப்படிச் சிரிப்பது ஆபத்து என்று எத்தனையோ முறை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது, "யாரையாவது கடிச்சா சொல்லுங்க சார், அப்போ பட்டை இருந்தாலும் தூக்கிடுவோம்" என்றார். அந்த யோசனை என்னுடையது அல்ல, உங்கள் துறையுடையது என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆக, தேவைப்பட்டது ஒரு கடி. நானே கடிபட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஆனால் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால் கோப்பு பலவீனப்பட்டுவிடும். தவிர, அந்த நாய் என் பக்கத்திலேயே வராது. அது பக்கத்தில் வரவிடுகிற, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கையை நீட்டுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார்.

மாடி ஜன்னல் வாசற்படிக்கு நேர் மேலே. உடைந்த மர ஹேங்கர் ஒன்று, அவள் பெட்டியிலிருந்து பட்டையான எலாஸ்டிக், அவள் டின்னிலிருந்து பித்தளைக் கோட்டுப் பட்டன்கள். உண்டிவில்லுக்கு வெளியிலிருந்து ஒரு பொருளும் வரவழைக்கவில்லை. மத்தியானம் அவள் தட்டை வைத்து, கை நாயின் வாயருகே போகிற அதே நொடியில் ஒரு பட்டன், இடது விலாவில். ஒரு நொடி முந்தினாலும் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை. அந்தக் கையோடுதான் வலி வருகிறது என்று அதற்குப் புரிய வேண்டும்.

"என்னடா ஆச்சு? எங்கடா வலிக்குது?" என்று அடிபட்ட இடத்தையே தடவிக் கொடுப்பாள். அதுவும் உதவியாகத்தான் இருந்தது.

நாய் மந்தம். ஒரு வாரம் வரைக்கும் துள்ளியதோடு சரி. பன்னிரண்டாம் நாள்தான் உறுமியது. நாய்க்கு உடம்புக்கு ஏதோ என்று இவள் கால்நடை மருத்துவரைக் கூட்டி வந்தாள்; அவர் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். என் மீது அவளுக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லை. அதில் எனக்குச் சற்று வருத்தம்தான். என்னைப் பற்றி அவள் எதையுமே யோசிப்பதில்லை என்று அர்த்தம்.

பத்தொன்பதாம் நாள் கடித்தது. வலது கைக் கட்டைவிரல், நன்றாக ஆழமாக. உங்கள் படிவத்தை நான் இரண்டு நாள் முன்பே பூர்த்தி செய்து வைத்திருந்தேன். தேதியையும் 'கடிபட்ட இடம்' என்ற கட்டத்தையும் மட்டும் காலியாக விட்டிருந்தேன். ஊகத்தில் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். அவள் கடிபட்டதை ஒத்துக்கொள்ளவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, "கத்திரி பட்டுடுச்சு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாய்க்கடி என்று உங்களுக்குத் தகவல் வந்துவிடும், நாயைத் தூக்கிவிடுவீர்கள் என்று பயம். உங்களுக்கோ மருத்துவர் சான்றிதழ் இல்லாமல் காரியம் ஆகாது. வற்புறுத்திக் கூட்டிப்போனால் அங்கேயும் கத்திரி என்பாள், சான்றிதழும் கத்திரி என்றே வரும். இரண்டாம் நாளே துணியிலிருந்து வாடை வந்தது. நான் காத்திருந்தேன். நான்காம் நாள் காய்ச்சல் ஏறி, கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாத நிலைக்கு வந்தாள். காய்ச்சலில் கிடப்பவர்கள் வாதாடுவதில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மருத்துவர் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொன்னேன், சான்றிதழ் சரியாக வந்தது.

"ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? நீங்க ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?" என்று கேட்டார் அந்த மருத்துவர். அவருக்கு நிர்வாக நடைமுறை தெரியாது.

உயிருக்கு ஆபத்தில்லை. கட்டைவிரலில் பாதி போய்விட்டது, மீதி மடங்காது. கத்திரி பிடிக்க வராது, ஊசியும் வராது. வேலை போயிற்றே என்று எனக்கும் வேதனைதான். ஆனால் தெரு பாதுகாப்பானதா இல்லையா? மறுநாளே உங்கள் வண்டி வந்து மேனேஜரைக் கொண்டு போயிற்று.

பத்து நாள் கண்காணிப்பில் அது யாரையும் கடிக்கவில்லை என்கிறீர்கள். தட்டு வைத்தால் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் விடுகிறது, இடது பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கன்றியிருக்கிறது, கழுத்துப் பட்டைக்குள் ஒரு பித்தளைப் பட்டன் சிக்கியிருந்தது என்கிறீர்கள். பட்டனைக் கையோடு கொண்டும் வந்துவிட்டீர்கள். கூடவே என் படிவத்தையும். பதினோராம் கட்டத்தை நான் நிரப்பவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்நேரம் நாய்க்கு ஊசி போட்டுக் கதையை முடித்திருப்பீர்கள், உங்களுக்கும் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் பொய்ப் பதிவு என் பேனாவுக்குப் பழக்கமில்லை.

ஆகவே: ஆம். துன்புறுத்தியவர்: நான். தடவைகள்: பத்தொன்பது. குறி தவறியவை: இரண்டு. அதில் ஒன்று அவள் மணிக்கட்டில் பட்டது, குளவி என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோராம் கட்டத்தில் 'ஆம்' வந்தால் நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று சற்றுமுன் அவளிடம் சொன்னீர்கள். விதி அதுதான் என்றால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. நீங்கள் மெஷின் பலகையில் வைத்த பட்டனை அவள் இடது கையால் எடுத்து டின்னில் போட்டதைப் பார்த்தீர்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கே வாசல் பூந்தொட்டிக்குப் பின்னாடி பதினெட்டு பொறுக்கினேன் சார். இது ஒண்ணுதான் குறைஞ்சுது" என்று உங்களிடம்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. சாப்பாட்டை நான்தான் தட்டில் போட்டுக் கையில் எடுத்துப்போய் வைக்கிறேன், முதல் வாயை ஊட்டியும் விடப் பார்க்கிறேன். என் கை பக்கத்தில் போனால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறாள். வலியினால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நாயிடமிருந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். தினமும் ஒரே நேரத்தில், பொறுமையாகப் பழக்கினால் சரியாகிவிடும். எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது.